எதற்காக என்று கேட்ட கமர் நிஷா டீச்சருக்கு

பொருநை பாயும் நாட்டின் பொலிவே! மேலப்பாளையம் ஈன்ற மேன்மையே! ஆங்கிலம் கற்பிக்க வந்து, ஐம்பதாம் வயதில் ஸ்பானிய மொழிக்கும் ஆசிரியையான அன்புமிகு கமர் நிஷா அவர்களே! "அடக்கமே உருவானவரே" என்றும் எழுதியிருந்தோம். மூன்றாம் மாடி வரை கேட்கும் உங்கள் குரலை எண்ணி அந்த வரியை அடித்துவிட்டோம்.

வெளிநாடு செல்ல விரும்பிய, செவிலியம் படிக்கும் பிள்ளைகளுக்காக நம் கல்லூரியில் ஸ்பானிய மாலை வகுப்பு தொடங்கியபோது கற்பிக்க ஆள் இல்லை. நீங்களே கற்றுக் கற்பித்தீர்கள்.

நம் ஊரில் "முயற்சி பண்ணுதேன்" என்றால் அந்த வேலை நடக்காது என்று பொருள். கேட்டவரும் மனம் நோகாமல் போய்விடுவார். உங்கள் வகுப்பில் அது செல்லாது! ஸ்பானியத்தில் 'மே எஸ்ஃபுவெர்சோ போர்', அதாவது 'நான் என்னையே வருத்தி முயல்கிறேன்' என்று தொடங்கினால், 'இன்னதற்காக' என்று முடித்தே ஆக வேண்டும். பாதியில் நிறுத்தும் பிள்ளையிடம், "எதுக்காக? அதைச் சொல்லிட்டு உக்காரு!" என்பீர்கள்.

முதல் தேர்வை மாணவிகளோடு நீங்களும் எழுதினீர்கள். அவர்கள் தேறினார்கள்; பேச்சுத் தேர்வில் நீங்கள் தவறினீர்கள். மறுநாள் கருப்பட்டி மிட்டாயோடு வந்து, "நான் ஃபெயிலு. நீங்க தின்னுங்க பிள்ளைகளா, அடுத்த தடவ எனக்கு வாங்கித் தரணும்" என்று சிரித்தீர்கள். அடுத்த ஆண்டு நீங்கள் தேறினீர்கள்; அவர்கள் வாங்கித் தந்தார்கள்.

உங்கள் பணி ஓய்வோடு அந்த வகுப்பும் மூடப்படுமோ என்று நீங்கள் வாடியதை அறிவோம். "வேற ஆள் தேட முயற்சி பண்ணுதோம்" என்றது நிர்வாகம். அதன் பொருள்தான் எல்லோருக்கும் தெரியுமே! ஆனால் நீங்கள் விடுப்பில் இருந்த சென்ற வாரம், உங்களிடம் மாலையில் படித்துத் தேறிய நம் அலுவலக எழுத்தர் ஸ்டெபி கூட்டத்தில் எழுந்தார். "எதுக்காகன்னு டீச்சர் கேப்பாங்க சார். படிக்கிற பிள்ளைக பாதியில நிக்கக் கூடாதுல்லா, அதுக்காக. நான் நடத்துதேன்" என்றார். முதல்வர் அங்கேயே ஒப்புக்கொண்டார். இந்த மடலை வாசிக்கும் வரை உங்களிடம் மறைத்து வைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆம் டீச்சர், வகுப்பு நடக்கும்!

வரும் திங்கள் மாலை, ஸ்டெபியின் வகுப்பில், முதல் வரிசையில் ஆசிரியர்கள் நாங்களும் அமர்கிறோம். வரலாற்றுத் துறைப் பூதலிங்கம் சார் ஸ்பானிய 'ர்ர்ர்' ஒலிக்காக இப்போதே நாக்கைச் சுழற்றிப் பழகுகிறார். அறையில் இருக்க முடியவில்லை.

நீங்கள் நோயின்றி, மகிழ்வோடு, நெடுங்காலம் வாழ வேண்டும். எதற்காக? பிள்ளைகள் எல்லாரும் தேறி, நாங்கள் மட்டும் தவறி, வெட்கத்தோடு வாங்கி வரும் மிட்டாயை நீங்கள் தின்ன வேண்டும், அதற்காக.

இங்ஙனம்,
இன்றுவரை உடன் பணியாற்றியோரும்
திங்கள் முதல் மாணவருமான
கல்லூரிப் பணியாளர்கள்,
பாளையங்கோட்டை.