பொம்மியின் இடது காது

நாய்க்குத் தயிர்சாதம் வைத்தால் உப்புப் போடக்கூடாது, ஐயா. பலருக்கு இது தெரிவதில்லை.

என்னிடம் இருப்பது சீலிஹாம் டெரியர் என்ற நாய் இனம். வெள்ளை நிறம், குட்டைக் கால், தாடி. கரையான்சாவடியில் பார்க்கிறவர்கள் பொமரேனியனா என்று கேட்பார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலிருந்தே வளர்க்கிறேன். எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் மிஞ்சியவை இரண்டுதான். என்னுடைய ஆண், மேஜர். நூம்பலில் என் நண்பன் நாகேந்திரனிடம் இருந்த பெண், பொம்மி. அவளுக்கு இன்னும் ஓர் ஈற்றுக்குத்தான் வயது இருந்தது.

குறையோடு பிறக்கும் குட்டியை ‘ஒதுக்குவது’ என்போம். ஒரு வாளித் தண்ணீர் போதும். அந்த நேரத்தில் நாகேந்திரன் எழுந்து வெளியே போய்விடுவான். நல்லவன். ஆனால் ஓர் இனத்தைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

போன மழையில் பொம்மி காணாமல்போய், சேறும் சகதியுமாகத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான். மேஜரைக் கூட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவான்.

“இன்னா பாஸ்கரா, மாப்பிள்ளைய இட்டுகினு வந்துட்டியா மாமே? எங்க ஊட்டுப் பொண்ணு கட்டிக்க மாட்டேங்குது. வேற எடம் பாரு.”

“பொண்ணு இல்லைன்னா காரணம் சொல்லணும்டா.”

“காரணம் இன்னா காரணம். வயசாயிடுச்சி, வுட்டுடு. வா, டீ குடி.”

இப்படியே தட்டிக்கழித்தான். பொம்மி மறுபடி பருவத்துக்கு வந்தால் அதுதான் கடைசி. அவன் பிடிவாதத்தில் ஓர் இனமே போய்விடும்.

அன்று காலை நான் போனபோது, அவன் வீட்டுக்குப் பின்னால் கிணற்று மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. கிணற்றுக்குள் இறங்கும் குழாயைப் பார்க்க நாகேந்திரன் குனிந்தான். முதுகில் கை வைத்தேன். தள்ளினேன் என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. கொஞ்ச நேரம் குரல் வந்தது, பிறகு நின்றது. வாளியிலும் அப்படித்தான்.

கால் தவறி விழுந்ததாக இந்த ஸ்டேஷனில் நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். காரியம் முடிந்ததும் அவன் மனைவி சுசீலாவே பொம்மியை என் கையில் கொடுத்தாள்.

என் வீட்டில் பொம்மியைக் குளிப்பாட்டிச் சீவினேன். இடது காதின் முடியைத் தூக்கியபோது நுனியில் ஒரு வெட்டு. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து விடுகிறவர்கள் போடும் அடையாளம். சுசீலாவுக்குப் போன் செய்தேன்.

“ஆமாண்ணே, மழையில தெருநாயின்னு நெனச்சி வேன்ல ஏத்திகினு பூட்டாங்க. ஆபரேசன் பண்ணித்தான் வுட்டாங்க. அவரு உங்ககிட்ட சொல்லலயா? சொன்னா பாஸ்கரன் மனசு ஒடஞ்சி பூடுவான், தெரியாமயே இருக்கட்டும்னாரு.”

அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதனால்தான் நானே வந்து இதைச் சொல்கிறேன். பதிவு சரியாக இருக்க வேண்டும். தவறு அவனுடையது. கை மட்டும் என்னுடையது.

பொம்மியைப் பற்றிக் கேட்கிறீர்கள். இனத்துக்கு உதவாதவளை வைத்துக்கொள்வது எனக்கு வழக்கமில்லை. இன்று காலை ஒதுக்கிவிட்டேன்.

மேஜர் தனியாக இருக்கிறான். சாயங்காலம் அவனுக்குத் தயிர்சாதம் வைக்க வேண்டும். இந்த இனத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள் இந்தப் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். இப்போது பொறுப்பு முழுவதும் என் ஒருவன்மேல். அதையும் எழுதிக்கொண்டு என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள்.