எலுமிச்சைச் சாற்றில் ஊறிய சவ்வு

என் பெயர் வஜ்தி ஹம்தூனி. தகப்பனார் பெயர் தாஹிர். வயது இருபத்தேழு. கஃப்ஸா மாகாணம் தப்தீத் ஊரில் தபால் நிலையத்தின் பின்புறம் குடியிருக்கிறேன். வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஒரு குடிநீர்த் திட்டத்தில் வேலை செய்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை. இன்று வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். வாயிலில் என் கைப்பேசியை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார்கள். உடனே வேண்டும் என்று கேட்டேன். முதலில் வாக்குமூலம், பிறகு போன் என்றார்கள். ஆகவே வேகமாகச் சொல்கிறேன், வேகமாக எழுதுங்கள்.

பாஸ்பேட் கழுவும் ஆலையின் கழிவு எங்கள் கிணறுகளில் இறங்குவதால் தண்ணீரில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருக்கிறது. அதைப் பிரிக்க மூன்று பள்ளிகளில் சிலிக்கா சவ்வு வடிகட்டி வைத்தேன். சவ்வு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். துளைச் சுவரில் கந்தகம் சேர்ந்த ஒரு பூச்சு உண்டு, தண்ணீர் போகும்போது அது காட்மியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புளிப்பு பட்டால் பிடித்ததை எல்லாம் விட்டுவிடும். எனக்கு இது தெரியும். கையேட்டிலும் இருக்கிறது. கையேடு பிரெஞ்சில் இருக்கிறது. தப்தீத் பள்ளியின் காவல் வேலை பார்க்கும் ஹனிய்யா அக்காவுக்குப் பிரெஞ்சு தெரியாது.

கடந்த ஞாயிறு மாலை நான் காப்பிக் கடையில் கால்பந்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் எனக்குப் போன் செய்தார்.

"இஞ்சினியர் தம்பி, உன் வடிகட்டி உப்புப் படிஞ்சு வெள்ளை பூத்துக் கெடக்கு. சனிக்கிழமை பெருநாள். வர்றவங்க பார்த்தா ஹனிய்யா ஸ்கூல்ல தூங்குறாம்பாங்க."

"டீ கெட்டில் வெள்ளை பூத்தா என்னக்கா பண்ணுவீங்க?"

"எலுமிச்சை பிழிஞ்சு ஊற வைப்பேன்."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குறீங்க?"

"கோவப்படாத ராசா. கெட்டிலுக்குப் படிப்பு வேணாம், இதுக்கு வேணுமோன்னு கேட்டேன்."

சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தேன். வடிகட்டியின் வெளிக் கண்ணாடியை மட்டும்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எது வெள்ளை பூத்தது என்று கேட்கவில்லை.

அதன் பிறகு நடந்ததைப் பள்ளியில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திங்கள் மாலை அவர் தன் வீட்டிலிருந்து இரண்டு கிலோ எலுமிச்சை கொண்டுவந்து பிழிந்து, மூடியைத் திறந்து, சவ்வு மூழ்கும்படி ஊற்றி ஊறவைத்திருக்கிறார். செவ்வாய் காலை குழாயைத் திறந்தார். நான்கு மாதமாகச் சவ்வு பிடித்து வைத்த காட்மியம் முழுவதும் ஒரே காலையில் குடிநீர்த் தொட்டிக்குள் இறங்கியது. வழக்கம்போல் முதல் டம்ளரை அவரே குடித்துப் பார்த்தார். அதன் பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்தார். தண்ணீர் லேசாகப் புளித்ததால் பிள்ளைகள் இரண்டாவது டம்ளர் கேட்டு வரிசையில் நின்றார்கள். பத்து மணிக்குள் பதினாறு பேர் வாந்தி எடுத்தார்கள். ரீம் என்ற ஏழு வயதுப் பெண் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறாள்.

அன்று பிற்பகல், தண்ணீரில் விஷம் கலந்ததாக ஹனிய்யா அக்காவைப் பிடித்து வந்தீர்கள். அவரும் வாந்தி எடுத்தார். அவர் ஏன் குடித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று திட்ட இயக்குநர் என்னிடம், "கையேட்டுல எழுதியிருக்கு, நம்ம பக்கம் தப்பில்ல. நீ வாயத் தொறக்காத," என்றார். இரவு முழுக்க அப்படியே இருந்தேன். அது என் இரண்டாவது தவறு.

இன்று காலைதான் மற்ற இரண்டு பள்ளிகள் நினைவுக்கு வந்தன. அங்கும் அதே சவ்வு, அதே உப்புத் தண்ணீர், அதே பெருநாள். ஒரு பள்ளியின் காவலாளி போனை எடுத்தார், தடுத்துவிட்டேன். வாதி என்ற ஊரின் பள்ளிக் காவலாளி ஸாலிஹ் எடுக்கவில்லை. நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது இழுப்பறைக்குள் என் கைப்பேசி இரண்டு முறை அடித்தது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்பது ஐம்பதுக்கு மூன்றாம் முறை அடித்தபோது கைப்பேசியைக் கொடுத்தீர்கள். ஸாலிஹ் பேசினார்.

"என்னப்பா, விடியறதுக்குள்ள ஏழு தடவ கூப்பிட்டிருக்க? கல்யாணமா?"

"ஸாலிஹ் அண்ணே, வடிகட்டியத் தொட்டீங்களா?"

"தொட்டேனாவா! நேத்தே எலுமிச்சையில போட்டுட்டேன். வந்து பாரு, கண்ணாடி மாதிரி மின்னுது. தண்ணிகூட சர்பத் மாதிரி இருக்காம். பயலுக ரெண்டாவது டம்ளருக்கு அடிச்சுக்கிறானுக."

தண்ணீரை எல்லாம் கொட்டச் சொல்லிக் கத்தினேன். சார்ஜெண்ட் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாதிக்கு நாற்பது நிமிடம் ஆகும்.

மேற்கண்டதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னை மிரட்டவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் ஹனிய்யா அக்காவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதும்படி கேட்டு, கீழே கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்) வஜ்தி ஹம்தூனி
வியாழன், காலை 10.05