பொட்டு வைத்த சிப்

எனது பெயர் கனகேஸ்வரி, தகப்பனார் பெயர் சண்முகரத்தினம், வயது முப்பத்து நான்கு, திருமணம் ஆகவில்லை, தொழில் மின்னணுப் பொறியாளர், வசிப்பது பிரிக்ஃபீல்ட்ஸ், ஸ்காட் ரோட்டுக்குப் பின்னால் உள்ள வரிசை வீட்டில். எதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கில்லை என்று சார்ஜண்ட் நாகையா அறிவித்தார். நான் சொல்லவே விரும்புகிறேன். மலாய், ஆங்கிலம் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். தமிழில் சொல்வதற்குக் காரணம், இதைத் திரு. ராதாகிருஷ்ணனுக்கு வாசித்துக் காட்டும்போது புரியவில்லை என்று அவர் நழுவக்கூடாது என்பதுதான்.

திரு. ராதாகிருஷ்ணன் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தொழிற்சாலையின் முதலாளி, நான் அங்கே பொறியாளர். கிள்ளானில் உள்ள ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்காக, ஓட்டை விழுந்த கையுறையைக் கேமராவால் பார்த்துத் தள்ளிவிடும் மெஷின் ஒன்றைச் செய்துவந்தோம். அந்த மெஷினின் சிப்பைத்தான் நான் திருடிக்கொண்டு, அதே மாதிரி வேறொரு வெற்றுச் சிப்பைச் சொருகி வைத்ததாக அவர் புகார் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் நான் பினாங்கில் வேறு கம்பெனியில் சேர இருப்பதைக் காரணமாகக் காட்டியிருக்கிறார். வேலை கிடைத்தது உண்மை. திருட்டு வழக்குப் பதிவானால் அந்த வேலை போய்விடும் என்பதும், இந்தத் தொழிலில் யாரும் என்னை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள் என்பதும் உண்மை.

"திருடு போனது சிப்பா, புரோகிராமா? ஒன்னு சொல்லுங்க, புகார் பாரத்துல எழுதணும்," என்று சார்ஜண்ட் கேட்டார். இரண்டும் இல்லை. இந்தச் சிப்பில் வயரிங் நிரந்தரமாக இல்லை. எந்த இணைப்பு எதோடு சேர வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் நான் எழுதி, கேபிள் வழியாக அனுப்பினால், சிப் தன் உள்ளே அப்படியே இணைத்துக்கொண்டு அந்த வேலைக்கான மெஷினாக மாறிவிடும். வேறு மாதிரி எழுதி அனுப்பினால் வேறு மெஷின். கரன்ட் போனால் எல்லாம் கலைந்துவிடும். கல்யாண மண்டபத்தில் விசேஷம் முடிந்து நாற்காலிகளை மடக்கி ஓரத்தில் அடுக்குவது மாதிரி. மண்டபம் அங்கேயேதான் இருக்கும், உள்ளே கல்யாணம் இருக்காது. சார்ஜண்டுக்கு இது உடனே புரிந்தது. திரு. ராதாகிருஷ்ணனுக்கு ஒரு வருடமாகப் புரியவில்லை. கையில் பிடித்து மேசையில் டொக்கென்று வைக்க முடிந்தால்தான் அவருக்கு அது பொருள்.

கரன்ட் வந்ததும் இணைப்புகள் தானாகவே உள்ளே போக, பக்கத்தில் ஒரு சின்ன மெமரி சிப் வைக்கலாம் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். அதை எவனாவது பிடுங்கிக்கொண்டு போய்விடுவான் என்று மறுத்தார். டிஸ்கில் நகல் எடுக்கவும் தடை போட்டார். சிப்பிலிருந்து எதையும் திரும்ப வாசிக்க முடியாதபடி பூட்டச் சொன்னார், பூட்டினேன். உலகத்தில் எல்லோரும் திருடர்கள் என்பதுதான் அவருடைய தொழில் ஞானம்.

அதன் பிறகு, நான் கிள்ளானில் கேமராவுக்கு இடம் பார்க்கப் போயிருந்த சமயம், "மெஷின்தான் முடிஞ்சிருச்சே, இனி கம்ப்யூட்டர் எதுக்கு?" என்று சொல்லி, கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்து என் கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்து, டைப்பிஸ்ட் மார்க்கிரட்டின் மேசைக்கு அனுப்பிவிட்டார். நான் திரும்பி வந்தபோது கேபிளின் மறுமுனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருட உழைப்பு இருந்த இடத்தில் மார்க்கிரட் விலைப்பட்டியல் அடித்துக்கொண்டிருந்தார், அவர்மேல் குற்றமில்லை. எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது.

அதன் பிறகு நான் திரு. ராதாகிருஷ்ணனிடம் போய், இனி அந்த வேலை உயிரோடு இருப்பது கரன்ட் ஓடும் அந்தச் சிப்பில் மட்டும்தான், நான் மறுபடியும் எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அணைக்கவே கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். "சிப் அங்கதானே இருக்கு, ஓடியா போயிடும்?" என்றார். அதன் பிறகு கரன்ட் தடைப்பட்டாலும் தாங்க ஒரு பேட்டரிப் பெட்டியை மாட்டி, அணைக்கக்கூடாது என்று மூன்று மொழியிலும் தாளில் எழுதிச் சுவிட்சுக்கு மேல் ஒட்டினேன். மூன்றுமே அவருக்கு வாசிக்கத் தெரியும்.

ஆயுத பூஜை அன்று காலை அவர் விருந்தாளிகளைக் கூட்டி வந்து மெஷினை ஓட்டிக் காட்டியிருக்கிறார், கிழிந்த கையுறைகளை அது சரியாகத் தள்ளியிருக்கிறது. இதை அவரே தன் புகாரில் சொல்லியிருக்கிறார். எனக்குச் சொல்லியிருந்த நேரத்துக்கு முன்பே பூஜையைத் தொடங்கிவிட்டார். நான் உள்ளே வந்தபோது மெஷினில் ஒரு விளக்கும் எரியவில்லை. மெயின் சுவிட்சோடு விட்டிருந்தாலாவது பேட்டரி காப்பாற்றியிருக்கும், மனிதர் பேட்டரிப் பெட்டியின் சுவிட்சையும் தேடிப் பிடித்து அணைத்திருந்தார். "இன்னைக்கு ஆயுதத்துக்கெல்லாம் ரெஸ்ட் லா, கனகா," என்றார். நான் ஒட்டிய தாளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்.

அதன் பிறகு என் கண் முன்னாலேயே கன்ட்ரோல் பெட்டியைத் திறக்கச் சொல்லி, மார்க்கிரட் பிடித்திருந்த தட்டிலிருந்து சந்தனத்தை எடுத்து, "மூளைக்கு முக்கியமா வைக்கணும்," என்று சொல்லிச் சிப்பின் நடு முதுகில் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, அதன் ஓரத்தில் குங்குமமும் வைத்தார். விருந்தாளிகள் கும்பிட்டார்கள். என் கையில் யாரோ பொரிப் பொட்டலத்தைக் கொடுத்தார்கள்.

"பாஸ், இனி சுவிட்சைப் போட்டாலும் வராது. உள்ள ஒன்னும் இல்ல இப்ப," என்றேன். "நல்ல நாள் அதுவுமா வாயை வைக்காதீங்க," என்றார். மறுநாள் கிள்ளான்காரர்கள் வந்தார்கள், பாஸ் சுவிட்சைப் போட்டார், மெஷின் மரக்கட்டையாக நின்றது. அவர்கள் காரில் ஏறிப் போன பிறகு, ராத்திரியோடு ராத்திரியாக நான் சிப்பை மாற்றிவிட்டேன் என்று கத்தினார். அதன் பிறகு போலீஸ் வந்து சிப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, என்னையும் அழைத்து வந்தது.

இந்த அறையில் நடந்ததையும் பதிவு செய்யக் கேட்கிறேன். படம் எடுப்பதற்காக ஓர் அதிகாரி பையைத் திறந்து, சிப் அழுக்காக இருக்கிறது என்று துணியால் துடைக்கப் போனார். தடுத்தது நான்தான். அது அழுக்கில்லை, பூஜைச் சந்தனம். பூஜைக்குப் பிறகு நான் சிப்பை மாற்றியிருந்தால் இந்தச் சிப்பில் பொட்டு எங்கிருந்து வந்தது? நானே வைத்தேன் என்று திரு. ராதாகிருஷ்ணன் சொல்வார், அவ்வளவுக்கு அவருக்குப் புத்தி ஓடும். காய்ந்த சந்தனத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை தெளிவாகத் தெரிகிறது. நேற்று என் பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்துக்கொண்டீர்கள். தயவுசெய்து அவரை அழைத்து அவருடைய ஒரு விரலை மட்டும் எடுங்கள்.

நான் சொன்னதைச் சார்ஜண்ட் நாகையா எழுதி, முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் வாசித்து முடித்ததும், திரு. ராதாகிருஷ்ணன் ஒரு முட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். "அது தேவையா மேடம்?" என்றார். நான் அறிந்த உண்மையை மட்டும் சொல்வதாக ஒப்புக்கொண்டிருப்பதால் அதை விட முடியாது என்றேன். சேர்த்துக்கொண்டார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இதில் உள்ளது அத்தனையும் உண்மை என்று கையொப்பம் இடுகிறேன்.

ச. கனகேஸ்வரி
பெட்டாலிங் ஜெயா, அக்டோபர் 1994