முதல் வாரத்துக் காற்று

என் பெயர், காலஞ்சென்ற என் கணவர் பெயர், விலாசம் மூன்றும் முதல் தாளில் எழுதியிருப்பது சரி. வயது எழுபத்திரண்டு. மூன்றாவதோடு படிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் கையெழுத்துப் போடுவேன், மைப்பெட்டி வேண்டாம். சாலையைப் பார்த்த தரைத்தள வீட்டில் மகனோடும் மருமகளோடும் குடியிருக்கிறேன். எதிரே மரக்கிடங்கு இருந்த இடத்தில் பெரிய வணிக வளாகம் கட்டப்போகிறார்கள். அதிலிருந்து கார்கள் வெளியே வரும் வழி என் படுக்கையறைச் சன்னலுக்கு நேர் எதிரே அமைவதாக வரைபடத்தில் காட்டினார்கள்.

வளாகம் வந்தால் வண்டிப் புகை எவ்வளவு கூடும் என்று கணக்கிடுவதற்கு, வளாகத்தாரே பணம் கட்டி அமர்த்திய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வளாகத்தார் கொடுத்த, இந்த விசாரணைக்குக் காரணமான புகாரில் சொல்லப்பட்ட பெண் அவள்தான். பெட்டியும் குழாயுமாக வந்ததால் நான் குழாய்க்காரி என்று கூப்பிடுவேன். பெட்டியை மொட்டை மாடியில் வைக்கும்படி வளாகத்து மேலாளர் சொன்னார். அவள், "மொட்டை மாடியில யாரு குடியிருக்காங்க சார்? மூக்கு இருக்கற உயரத்துலதான் வைக்கணும்" என்று சொல்லி, என் சன்னல் கம்பியில் குழாயைக் கட்டினாள். அதன் பிறகு என்னிடம் அந்த அறையில் கொசுவத்தி கொளுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கொளுத்தவில்லை. கடித்த கொசுவுக்கு யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதன் பிறகு அவள் தினமும் சாலை முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி வேறு, கார் வேறு, பைக் வேறு என்று எண்ணினாள். மழை பெய்த அன்றும் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு எண்ணினாள். ஒரு லாரிக்காரன் வண்டியை மெதுவாக்கி, "ரெண்டா எழுதிக்கோ, திரும்பி வருவேன்" என்றான். "வரும்போது எழுதிக்கறேன்" என்றாள், தலையைத் தூக்கவில்லை. எங்களிடமிருந்து அவள் லஞ்சம் வாங்கியதாகப் புகாரில் இருப்பது பொய். நான் கொடுத்த டீயைக்கூட அவள் தொட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம், இன்றும் உண்டு.

முதல் வாரத்தில் காலை வேளைகளில் என் சம்பந்தி, அதாவது மருமகளின் தகப்பனார், தன்னுடைய மூன்று வேன்களையும் என் சன்னலுக்குக் கீழே கொண்டுவந்து, இஞ்சினை அணைக்காமல் நிறுத்திவைத்தார். நான் சன்னலில் நின்று கண்ணால் பார்த்தேன். புகை அதிகம் காட்டினால் வளாகம் நின்றுபோகும் என்று நினைத்துச் செய்தார். சாலையில் வண்டி கூடாமல் பெட்டியில் மட்டும் எண் ஏறுவதைக் கண்ட குழாய்க்காரி, மறுநாள் விடிந்ததும் என் சன்னலோரம் வந்து உட்கார்ந்தாள். வேன்கள் வந்தன. அவள் தெருவில் இறங்கிப் போனாள்.

சம்பந்தி, "தெருவுக்கு நல்லதுதானேம்மா, எண்ணு ஏறட்டும்" என்றார்.

அவள், "ஐயா, நீங்க அவங்களுக்குத்தான் உதவி பண்றீங்க. இப்பவே இவ்ளோ புகைன்னு நான் எழுதினா, அவங்க கார் ஆயிரம் வந்தாலும் கொஞ்சம்தான் கூடுச்சுன்னு காட்டிடுவாங்க" என்றாள்.

சம்பந்தி மூன்று வேனையும் தானே ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு அவள் அந்த வாரத்து அளவு செல்லாது என்று காரணத்தோடு எழுதிவைத்து, அடுத்த வாரம் புதிதாக அளந்தாள். மேலாளர் வந்து என் வாசலிலேயே, "முதல் வாரத்தையே வெச்சுக்கலாமே" என்றார். "அது ரோட்டுப் புகை இல்ல சார், நிறுத்தி வெச்ச வேன் புகை" என்றாள். "அதை யாரு பாத்தா?" என்று கேட்டார். சம்பந்தி பக்கத்தில் நின்றார், பெர்மிட் போய்விடும் என்று பயந்து பேசவில்லை. மகன் வீட்டில் சண்டை வேண்டாம் என்று நானும் பேசவில்லை. அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள், ஆனால் கைகாட்டவில்லை. கைகாட்டியிருந்தால் அவள் அன்றே தப்பித்திருப்பாள். இப்போது வளாகத்தார், வேன் கதையே கட்டுக்கதை, தெருக்காரர்களோடு சேர்ந்து உண்மையான அளவை ஒழித்தாள் என்று புகார் கொடுத்து, அவளுடைய உரிமத்தைப் பறிக்கப் பார்ப்பதால் வந்து சொல்கிறேன்.

சம்பந்தி மேல் எனக்குப் பகை உண்டு. என் கணவருக்கு மூச்சு முட்டிய அன்று ஆஸ்பத்திரிக்கு வேன் கேட்டபோது டயர் பஞ்சர் என்றார். நான் போய்க் காலால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. பதினொரு வருடமாகிறது. அது வேறு கணக்கு, அதற்காக இதைச் சொல்வதாக எழுத வேண்டாம். எனக்கென்று அவர் செய்த ஒரே நல்ல காரியம் வளாகம் வரக்கூடாது என்று அந்த வேன்களைக் கொண்டுவந்து நிறுத்தியதுதான், அதைத்தான் இங்கே காட்டிக்கொடுக்கிறேன்.

குழாய்க்காரி மேலும் கோபம் உண்டு. வளாகமே கூடாது என்று எழுதச் சொன்னேன். "அது என் வேலை இல்லம்மா, காத்து சொன்னதை மட்டும் எழுதறேன்" என்றாள். கார் வெளியேறும் வழியைப் பின்பக்கம் மாற்ற வேண்டும் என்பது வரைதான் எழுதினாள். என் பேத்திக்கு அவளைப்போல வேலை அமைய வேண்டும், ஆனால் டீ கொடுத்தால் குடிக்க வேண்டும்.

இன்று என்னை இங்கே கொண்டுவந்தது சம்பந்திதான். வேன் கேட்டேன், டயரைப் பற்றி எதுவும் பேசாமல் எடுத்தார். "சம்பந்தியம்மா, நீங்க சொல்லி முடிச்சதும் என்னையும் கூப்பிடச் சொல்லுங்க" என்று சொல்லி வெளியே உட்கார்ந்திருக்கிறார். இந்த அறைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். இஞ்சினை அணைத்துத்தான் வைத்திருக்கிறார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் மூன்று வேனை இரண்டு என்று எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். இப்போது இதில் இருப்பதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும்தான், யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல என்று என் கையால் எழுத்துக் கூட்டிக் கையெழுத்திடுகிறேன்.

(சாட்சியின் கையெழுத்து)

அடுத்த சாட்சி: வேன் உரிமையாளர். அழைக்கப்பட்டார்.