எலொடிக்காக அடிச்சனான்

ஓம், அடிச்சனான். அதை இந்தப் பொலிஸ்காரருக்கு அப்பிடியே பிரெஞ்சிலை சொல்லுங்கோ தங்கச்சி. ஆஸ்பத்திரியிலை டெனிஸ்டன், தானாச் சறுக்கி விழுந்தனான் எண்டு சொன்னவனாம், அது பொய். வலக்கையை விரிச்சு, கன்னத்திலை அடிச்சனான். அவன் கதிரையோடை சரிஞ்சு வடை வைக்கிற கண்ணாடிப் பெட்டியிலை போய் விழுந்தான். புருவத்துக்கு மேலை வெட்டு, நாலு இழை தையல் போட்டவையாம். வெட்டினது எனக்குக் கவலைதான். அடிச்சது கவலை இல்லை. ரெண்டையும் வேறை வேறையா எழுதச் சொல்லுங்கோ.

என்ன கேக்கிறார்? குடிச்சிருந்தனானோ? இல்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூண்டு மணி, ரூ பிலிப்-து-ஜிரார் தெருவிலை இருக்கிற தேத்தண்ணிக் கடை. இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒண்டு, அதுவும் பாதிதான் குடிச்சது.

பேர் முதலே குடுத்தனான். வரதராசா. அறுபத்தொரு வயது. முப்பத்தி மூண்டு வருசமா இந்தப் பாரிஸ்தான். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வாசலிலை பேப்பர்க் கடை ஒண்டு இருக்கெல்லே, அதிலை பதினாலு வருசமா வேலை. பிரெஞ்சு தெரியாமலோ எண்டு கேக்கிறார் போலை. தெரியும். மிச்சக்காசு குடுக்கிற பிரெஞ்சு, மெட்ரோவுக்கு வழி சொல்லுற பிரெஞ்சு. இது அந்தக் கதை இல்லையே. அதுதான் தமிழிலை சொல்ல ஆள் வேணும் எண்டனான். நீங்கள் பாண்டிச்சேரிப் பக்கமோ? கதையிலை தெரியுது. பரவாயில்லை, நான் ஆறுதலாக் கதைக்கிறன். விளங்காட்டிக் கேளுங்கோ.

டெனிஸ்டன் எனக்கு ஆரெண்டோ? சிநேகிதன். ரெண்டு பேரும் ஒரே மாசத்திலை வந்து சேந்தனாங்கள். ஒரு அறையிலை ஏழு பேர் படுத்த காலம். வீடு தேடி நானும் அவனும்தான் திரிஞ்சது. ரெலிபோனிலை கேட்டால் வீடு இருக்கெண்டுவினம். போய் மணி அடிச்சால், கதவைத் திறந்த மனிசி முகத்தைப் பாத்திட்டு இப்பத்தான் குடுத்தனாங்கள் எண்டுவா. ஒருக்கா, ரெண்டுதரம் இல்லை. படி இறங்கேக்கை அவன் என்ரை தோளிலை தட்டி, மச்சான், எங்களுக்கெண்டு ஒரு கதவு எங்கையோ கிடக்குதடா எண்டுவான். என்ரை கலியாணத்துக்கு மெரியிலை, நகரசபையிலை, சாட்சிக் கையெழுத்து வைச்சவனும் அவன்தான். அவனைத்தான் அடிச்சனான்.

ஏனெண்டால், எலொடிக்காக.

அவர் என்னத்துக்குச் சிரிக்கிறார்? ஓம், அதே எலொடிதான், வால்மோர் இளவரசி. அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதோ? மலையளுக்குள்ளை ஒரு குட்டி நாடு, தங்கச்சி. அந்த நாட்டு மன்னற்றை ரெண்டாவது மகன் கட்டினது இஞ்சை பாரிசுக்குப் பக்கத்து சென்-துனிப் பெட்டையை. தகப்பன் மார்த்தினிக், தாய் செனகல். ஆஸ்பத்திரியிலை நேர்சா வேலை செய்தவா. கறுப்பு. என்னை விடக் கொஞ்சம் கூட, என்ரை தாய்மாமனை விடக் கொஞ்சம் குறைவு.

எனக்கு அவாவைத் தெரியாது. கண்டதும் இல்லை. ஆனா மூண்டு வருசமா ஒவ்வொரு கிழமையும் அவாவின்ரை முகத்தை இந்தக் கையாலைதான் பிரிச்சு அடுக்கிறன். கலியாணக் கிழமை எங்கடை கடையிலை அவாவின்ரை படம் போட்ட வாரப் புத்தகம் ஒண்டும் மிஞ்சேல்லை. சனம் கண்ணைத் துடைச்சுத் துடைச்சு வாங்கினது. எவ்வளவு அழகு, உலகம் மாறியிட்டுது எண்டு என்னட்டையே வந்து சொன்னவை, நான் ஏதோ பொம்பிளை வீட்டு ஆள் மாதிரி. ஆறு மாசம். பிறகு துவங்கிச்சுது.

மன்னருக்கு மூத்த மருமகள் ஒருத்தி இருக்கிறா, வெள்ளைக்காரி. அவா அரண்மனைப் புல்லிலை செருப்பைக் கழட்டிப் போட்டு நடந்தவா. எளிமையான பொம்பிளை எண்டு நாலு பக்கம் போட்டாங்கள். ரெண்டு மாசத்துக்குப் பிறகு எலொடி அதே புல்லிலை வெறுங்காலோடை நடந்தவா. அரண்மனை முறை தெரியாதவள் எண்டு அட்டையிலையே போட்டாங்கள். அதே புல், தங்கச்சி. இன்னொண்டு, இதைப் பேப்பர் அடுக்கிற ஆக்களைத் தவிர ஆரும் கவனிச்சிருக்கமாட்டினம். ஒரே படத்தை ரெண்டு புத்தகம் போடும். புகழ்ந்து எழுதினதிலை அவா பால்தேத்தண்ணி நிறம். திட்டி எழுதினதிலை அவா கரி. நான் ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாத்தனான். முதலாளிக்கும் காட்டினனான். அவர் பாத்திட்டு, வரதா, கறுப்பா இருக்கிறதை முன்னுக்கு வை, அதுதான் போகும் எண்டார். சரியாத்தான் சொன்னவர். அவாவைத் திட்டின கிழமை பதினொரு மணிக்கு முடிஞ்சிடும். அவா நல்லா இருக்கிறா எண்டு போட்ட கிழமை கட்டுக் கட்டாத் திருப்பி அனுப்புவன்.

ஒரு மனிசி வாறவா, சின்ன நாய் ஒண்டோடை. பதினாலு வருசமா எனக்கு வணக்கம் சொல்லாமல் போனதில்லை. அவா ஒருநாள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, நான் நிறம் பாக்கிற ஆள் இல்லை மிசியோ, ஆனா அவள் கொஞ்சம் அடக்கமா இருக்கலாம் எண்டவா. என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொன்னவா. நான் மிச்சத்தைக் குடுத்து அனுப்பினனான். அவாவை நான் அடிக்கேல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ. கண்டபாட்டுக்குக் கை நீட்டுற ஆள் இல்லை நான்.

எங்கடை சனமோ? எங்கடை சனம் திறமெண்டு நினைக்கிறியளோ? எங்கடை தமிழ்க் கடையள் இருக்கிற லா சப்பல்லை வந்து கேட்டுப் பாருங்கோ. எங்களிட்டை ஒரு சொல் இருக்கு ஆபிரிக்கா ஆக்களைச் சொல்ல, உங்கடை ஊரிலை இருக்கோ தெரியாது. அதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கடையிலை அவா ரீவியிலை வந்தால் அந்தச் சொல்லு இல்லாமல் ஒரு கதை இல்லை. சொல்லுறவன் ஆர்? காலமை கண்ணாடியிலை தன்ரை முகத்தைப் பாத்திட்டு வந்தவன்தான். மகனுக்குப் பொம்பிளை தேடேக்கை வெள்ளைப் பிள்ளையோ எண்டு முதல் கேக்கிறவன். நாங்கள் இந்த மூண்டு வருசமும் அந்தக் கடையிலை சண்டை. நான் மட்டும் ஒரு பக்கம், மற்றவை எல்லாம் மற்றப் பக்கம். எனக்கு இளவரசியின்ரை சித்தப்பா எண்டு பட்டம் வைச்சிருக்கினம். சொல்லட்டும். நான் எழும்பிப் போறதில்லை. இருந்து பதில் சொல்லிப்போட்டுத்தான் போவன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வாறன். அவர் அவசரப்படுத்திறார் போலை. வியாழக்கிழமை அவாவுக்குப் பிள்ளை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. அரண்மனை ஒரு படம் விட்டது, பிள்ளையைச் சால்வையாலை சுத்தி, ஒரு கை மட்டும் தெரியிற மாதிரி. சனிக்கிழமைப் புத்தகத்தின்ரை அட்டையிலை என்ன போட்டாங்கள் தெரியுமோ? முகத்தை ஏன் மறைக்கினம் எண்டு. ஞாயிற்றுக்கிழமை ரீவியிலை கோட் போட்ட நாலு பேர் மேசையைச் சுத்தி இருந்து கதைக்கினம், பிறந்து மூண்டு நாளான பிள்ளை ஆரைப் போலை வரும், தலைமயிர் எப்பிடி வரும், நாட்டுச் சனம் ஏற்குமோ எண்டு. கடையிலை எல்லாரும் பாத்துக்கொண்டு இருக்கினம். அப்ப டெனிஸ்டன் ஒண்டு சொன்னான். கடை முழுக்கச் சிரிச்சுது. நான் எழும்பி அடிச்சன். அவ்வளவுதான்.

என்ன சொன்னவனெண்டோ? அது தேவையில்லை. ஒரு பகிடி. இளவரசியையும் பிள்ளையையும் கேவலமாக் கதைச்சவன் எண்டு போடச் சொல்லுங்கோ.

இல்லை, வசனம் வேண்டாம். அப்பிடிச் சொல்லாட்டி எனக்குத் தண்டனை கூடுமெண்டால் கூடட்டும். டெனிஸ்டனும் சொல்லேல்லையாமோ? சொல்லமாட்டான். முறைப்பாடும் வேண்டாம் எண்டிருப்பான், எனக்குத் தெரியும் அவனை. நாலு இழையோடை படுத்துக்கொண்டு என்னைக் காப்பாத்தப் பாக்கிறான்.

அடுத்த கேள்வியைக் கேக்கச் சொல்லுங்கோ. குடும்பமோ? மனிசி யோகராணி. வீட்டிலை இருக்கிறா, முழங்கால் வருத்தம். பிள்ளை ஒண்டு, மகள். தர்மிளா. முப்பத்தொரு வயது. பொபினியிலை இருக்கிறா. கணக்காளர். ஓம், கலியாணம் கட்டியிட்டா. பேத்தி ஒருத்தி இருக்கிறா. நாலு வயது. பேர் மாயா எண்டு மனிசி சொல்லித் தெரியும்.

இல்லை. நான் பாக்கேல்லை.

பொபினி தூரமில்லைத்தான். மனிசி சனிக்கிழமையளிலை போறவா. கோயிலுக்கு எண்டு சொல்லிப்போட்டு, கோழிக்கறியைக் கட்டிக்கொண்டு போவா. கோயிலுக்கு ஆர் கோழிக்கறி கொண்டு போறது? நானும் கேக்கிறதில்லை. போன சித்திரையிலை ஒருநாள் மகள் கடைக்கு எதிர்ப்பக்கம் வந்து நிண்டவா, பிள்ளையின்ரை வண்டிலோடை. வண்டில் மற்றப் பக்கம் பாத்திருந்தது, ரெண்டு கால் மட்டும் தெரிஞ்சுது, மஞ்சள் சப்பாத்து. பத்து நிமிசம் நிண்டிருப்பா. நான் திருப்பி அனுப்பிற புத்தகங்களைக் குனிஞ்சு கட்டிக்கொண்டு நிண்டனான். கட்டி முடிச்சதை அவிட்டுத் திரும்பவும் கட்டினனான். நிமிந்து பாக்கேக்கை ஆள் இல்லை.

மருமகன் ஆபிரிக்கா, மாலி நாட்டு ஆள், தங்கச்சி. பஸ் ஓடுறவர். அஞ்சு வருசத்துக்கு முதல் மகள் வீட்டை கூட்டிக்கொண்டு வந்தவா. பெடியன் வாசலிலை சப்பாத்தைக் கழட்டி, எங்கடை செருப்புகளோடை வடிவா அடுக்கி வைச்சிட்டு உள்ளுக்கு வந்தவர். அண்டைக்கு டெனிஸ்டனும் வீட்டிலை இருந்தவன். மகள் சொன்னா, அப்பா, நாங்கள் கலியாணம் கட்டப் போறம், எனக்கு மூண்டு மாசம் எண்டு. நான் கத்தேல்லை. கத்தியிருந்தால் கோவத்திலை சொன்னதெண்டு சொல்லியிருக்கலாம். கதிரையிலை இருந்தபடி, ரீவியின்ரை சத்தத்தைக் குறைச்சுப்போட்டு, அமைதியாச் சொன்னனான். அந்தப் பெடியனுக்குத் தமிழ் தெரியாது, ஆனா மகளின்ரை முகத்தைப் பாத்து எழும்பியிட்டார். லேஸ் கட்ட நிக்காமல் சப்பாத்தைக் கையிலை தூக்கிக்கொண்டு வெறுங்காலோடை படி இறங்கினவர். டெனிஸ்டன்தான் பின்னாலை ஓடிப் போனவன். மகளை மறிச்சு, அப்பா மாறுவார், பொறு பிள்ளை எண்டு சொல்ல.

என்ன சொன்னனானோ?

இப்ப உங்களுக்கு விளங்குது என்ன.

ஞாயிற்றுக்கிழமை டெனிஸ்டன் ரீவியைப் பாத்துக்கொண்டு சொன்னது இதுதான்: அது என்ன நிறத்திலை பிறந்தாலும் பிறக்கட்டும், தூக்கிக்கொண்டு எங்கடை சனத்துக்கு முன்னாலை வராமல் இருந்தால் சரி. எல்லாரும் சிரிச்சினம். நான் கேட்டன், என்னடா சொன்னனீ எண்டு. அவன் சிரிக்கேல்லை, தங்கச்சி. அவன் மட்டும் சிரிக்கேல்லை. என்னை நேரை பாத்து, நீ அண்டைக்கு உன்ரை பிள்ளைக்குச் சொன்னதுதான் மச்சான், உனக்கே மறந்து போச்சோ எண்டான். மூண்டு வருசமா ஆரோ ஒரு இளவரசிக்காக எங்களோடை சண்டை பிடிக்கிறாய், பொபினிக்கு ஒரு ரிக்கற் எடுக்க உனக்கு மனம் வரேல்லை எண்டான்.

அப்பத்தான் அடிச்சனான்.

அழேல்லை. கண் எரியுது, இந்த லைற். தண்ணி வேண்டாம்.

அவர் எழுதினதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. ம். ம். அதிலை பிழை இருக்கு. டெனிஸ்டன் சொன்ன வசனம் எண்டு போட்டிருக்கிறார். அதை வெட்டச் சொல்லுங்கோ. ஓம், அவன்ரை வாயிலை இருந்துதான் வந்தது, நான் ஏமாத்தப் பாக்கேல்லை. ஆனா அவன் திருப்பித்தான் சொன்னவன். அவருக்கு இது தேவையோ இல்லையோ, எனக்குத் தேவை. சொன்ன ஆள் வரதராசா, மகளுக்குச் சொன்னது, அஞ்சு வருசத்துக்கு முதல், தன்ரை வீட்டிலை, குடிக்காமல், எண்டு போடச் சொல்லுங்கோ. நான் முதல் சொல்லமாட்டன் எண்ட அந்தச் சொல்லும் அதிலை இருந்தது, அதையும் போடட்டும். நீங்கள் பிரெஞ்சிலை நல்ல சொல்லாப் பாத்து மாத்திப் போடாதேங்கோ.

எனக்கு ஒரு பிரதி தருவினமோ? தருவினம் எண்டால் நல்லது. நாளைக்கு நான் பொபினிக்குப் போறன். கதவு திறக்கிறதோ இல்லையோ தெரியாது. திறந்தால், மகள் கேப்பா, அப்பா, அண்டைக்கு நீங்கள் அதை மெய்யாச் சொன்னனீங்களோ எண்டு. பொம்பிளைப் பிள்ளையள் தகப்பனுக்குத் தப்ப ஒரு வழி விட்டுத்தான் கேக்குங்கள். அப்ப நான், இல்லைப் பிள்ளை, உனக்குப் பிழையா விளங்கினது எண்டு சொல்லிப்போடுவன். என்னை எனக்குத் தெரியும். அதுதான், இதிலை என்ரை கையெழுத்தோடை இருக்கட்டும்.