அடுப்பாண்ட பேசுற போன்

"டச்சு போன் வந்ததுலேர்ந்து நான் உங்ககூடப் பேசவே இல்லீங்க."

போளூர் பேருந்து நிலையம். ஜவ்வாது மலைக்குப் போகும் பேருந்து இன்னும் கிளம்பவில்லை. எனக்கு முன் இருக்கையில் இருந்த இளம்பெண் இதைச் சொன்னதும், பெங்களூரிலிருந்து விடுப்பில் வந்திருந்த அவள் கணவன் திரும்பிப் பார்த்தான்.

"இன்னா சொல்ற? தெனமும் வீடியோல பேசறோமே."

"நம்ம வூட்டுல நெட்டு எடுக்கறதில்ல. புளியமரத்தாண்ட போனாத்தான் உங்க மூஞ்சி தெரியுது. அங்க ஊரே நிக்குது. நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

"பட்டன் போன்ல?"

"அதுக்கு வூட்டுக்குள்ளயே டவர் எடுக்கும். அடுப்பாண்ட நின்னே பேசுவேன். அழுதாக்கூட யாருக்கும் தெரியாது."

"வீடியோல நீ ஒரு நாளும் அழுது பாத்ததில்லயே."

"அதத்தாங்க சொல்றேன்."

"அப்போ உன் மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?" என்றான்.

"லீவு போட்டுட்டு வாங்க."

அவள் பையிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்தாள். காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதன் முனையால் குத்தி புதுப் போனிலிருந்த சிம்மை எடுத்து, அவன் பழையதில் போட்டான். சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தன் போனிலிருந்து அழைத்தான். அவள் கையில் மணி அடித்தது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "சொல்லுங்க."

"சாப்டியா?"

"ம். நீங்க?"

பேருந்து கிளம்பியது. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தபடி, இருவரும் போனை வைக்காமல் பேசிக்கொண்டே வந்தார்கள்.