பின்கதவில் ஒரு தட்டு

இது என் நண்பனின் தாய்மாமாவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் போய்த் தூங்கலாம்... மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

இரவு இரண்டு மணி இருக்கும். இருபக்கமும் காடு, ஒரு விளக்கு கிடையாது. நோயாளியை வீட்டில் இறக்கிவிட்டு, காலி ஆம்புலன்சோடு மாமா திரும்பிக்கொண்டிருந்தார். ஓடுகிற வண்டியின் பின்கதவில்... தட். ஒரே ஒரு தட்டு.

கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. மாமா போர்முனையில் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். குண்டுச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் அங்கே ஓர் ஏற்பாடு. ஆளை ஏற்றுகிறவன் இரண்டு தட்டு தட்டினால் கிளம்பலாம். ஒரு தட்டு என்றால், நில்... இன்னும் ஆள் இருக்கிறது.

ஏற்றியவன் அவருடைய உயிர்த் தோழன். சுருட்டை என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் குண்டு மழைக்குள் ஓடி, மூன்று பேரை ஒவ்வொருவராக முதுகில் சுமந்து வந்தான். மூன்றாவது ஆளை ஏற்றும்போது அவன் சட்டையும் ரத்தத்தில் நனைந்திருந்தது. ஒரு தட்டு தட்டிவிட்டு, நாலாவது ஆளுக்காக மறுபடி ஓடினான்.

மாமா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

"ரெண்டு தட்டு கேட்டுச்சு" என்று மேலதிகாரியிடம் சத்தியம் செய்தார். மூன்று உயிரைக் காப்பாற்றியதற்கான பதக்கம் இவர் மார்பில் ஏறியது. சுருட்டை வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோதும் அதைக் குத்திக்கொண்டுதான் போனார். என்ன மனுஷன் பாருங்கள்.

இப்போது அதே தட்டு. பச்சை ரத்த வாடை... வெடிமருந்து வாடை. வண்டியின் பின்பக்கம் சற்றே தாழ்ந்தது. மூச்சிரைக்க ஒரு குரல்.

"மாப்ள, இவனப் பாத்துக்க. இன்னொருத்தன் கெடக்கான், தூக்கிட்டு வந்துடறேன். போயிடாதடா."

குரலில் கோபமே இல்லை. இன்னும் இவரை நம்பிக்கொண்டிருந்தான். அதைத்தான் மாமாவால் தாங்க முடியவில்லை. இந்தத் தடவையாவது நின்றிருக்கலாம்... நிற்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினார். பின்னால் பூட்ஸ் கால்கள் ஓடிவரும் சத்தம் வெகுதூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

மருத்துவமனை வாசலில் இறங்கி, பின்கதவைத் திறந்தார். யாரும் இல்லை. அப்பாடா என்று திரும்பினால், நர்ஸ் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறாள்.

"என்னண்ணே, முதுகுல தூக்கிட்டு இப்படியா நிப்பீங்க? திரும்புங்க, இறக்கிடலாம்... பாவம், அவர் பூட்ஸ் கால் ரெண்டும் தரையில இழுபடுது."